கல்லை மட்டும் பார்த்தால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் பித்தப்பைக் கல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எண்ணெய்ப் பண்டத்தைக் குறைப்பது, கீஹோல் ஆபரேஷன், எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம் என்பதெல்லாம் இருந்தது, நல்லது. பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. மருத்துவமனை லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் இதை எழுதுகிறேன்.

ஸ்கேன் ரிப்போர்ட் கையில் வந்ததும் எல்லோரும் கல் எத்தனை, எவ்வளவு பெரிசு என்றுதான் தேடுகிறோம். அதற்குக் கீழேயே ‘சி.பி.டி. 9 மி.மீ.’ என்று ஒரு வரி இருக்கும், அதை யாரும் கேட்பதில்லை. சி.பி.டி. என்பது பொதுப் பித்தநாளம், அதன் அகலம் சாதாரணமாக 6 மி.மீ. வரை இருக்கலாம். வயதானவர்களுக்கும் ஏற்கெனவே பித்தப்பையை எடுத்தவர்களுக்கும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் 40 வயதுக்காரருக்கு 9, 10 என்று வந்தால் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். நாளத்துக்குள் கல் இறங்கியிருக்கிறதா என்பது முதல் கேள்வி, அதற்கு எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை, நாளங்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எல்லாம் இருக்கிறது. அதிலும் கல் தெரியவில்லை என்றால்? சரி, ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறோம். கணையநீர் பித்தநாளத்துக்குள் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

பித்தநாளமும் கணையநாளமும் முன்சிறுகுடலில் திறக்கும் இடத்தில், பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்ச தூரம் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன, அந்த வாயை ஒரு சுருக்குத்தசை காவல் காக்கிறது. 1901இல் பால்டிமோரில் யூஜின் ஓப்பி என்ற மருத்துவர், கணைய அழற்சியில் இறந்தவரின் உடலில் அந்த வாயில் சின்னக் கல் ஒன்று சிக்கியிருந்ததைக் கண்டு, பித்தநீர் கணையத்துக்குள் ஏறியதுதான் காரணம் என்று எழுதினார். அன்றிலிருந்து இந்தத் திசையைத்தான் அதிகம் பேசுகிறோம். ஆனால் கணையநாளத்துக்குள் இருக்கும் அழுத்தம் பொதுவாகப் பித்தநாளத்தைவிட அதிகம். கல் உரசி உரசி இறங்கி அந்தத் தசை புண்பட்டு, மூட வேண்டிய நேரத்தில் சரியாக மூடாமலோ, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமலோ போனால், கணையநீர் மேலே பித்தநாளத்துக்குள்ளும் ஏறலாம். அதில் இருக்கும் பாஸ்போலிபேஸ் என்ற செரிமான நொதி, பித்தத்தில் உள்ள லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளை லைசோலெசித்தினாக மாற்றும், அது நாளத்தின் உட்சவ்வை அரிக்கும். பிறவியிலேயே இரண்டு நாளமும் குடல்சுவருக்கு வெளியே சேர்ந்துவிட்டவர்களுக்கு இது ஆயுள் முழுக்க நடக்கிறது. பித்தப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து அவர்களுக்கு மிக அதிகம், அதனால்தான் ஜப்பானில் அப்படிப்பட்டவர்களுக்குக் கல்லே இல்லாவிட்டாலும் பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆபரேஷனின்போது ஊசியில் 2 மில்லி பித்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினால் போதும். கல்லீரலிலிருந்து வரும் பித்தத்தில் அமைலேஸ் என்ற செரிமான நொதி மிகக் குறைவு, ஆகவே ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தால் அது கணையத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கணைய அழற்சிக்கு ரத்தத்தில் பார்க்கிற அதே டெஸ்ட்தான். கரும்பச்சையாக, குழகுழவென்று இருக்கும் அந்தப் பித்தத்தை சலைன் விட்டு நீர்க்கச் செய்து மிஷினில் வைப்போம். சில மாதிரிகள் அப்படியும் மிஷினின் வரம்பைத் தாண்டும், மறுபடி நீர்க்க வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படி அனுப்பிய சர்ஜன்கள் மிகச் சிலர். நாளம் அகலமாக இருந்து கல்லும் இல்லாத நோயாளிகளுக்காவது இதை வழக்கமாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் இன்னொன்று. ஆபரேஷன் முடிந்ததும் கல்லைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள், வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறோம். எடுத்த பையை பயாப்சிக்கு அனுப்பினார்களா, ரிசல்ட் என்ன என்று அவசியம் கேளுங்கள். கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் அதிகம், நம் பக்கம் குறைவுதான், என்றாலும் கேட்பதில் தவறே இல்லை.

குடல் அறுவை மருத்துவர் ஒருவரைக் கொண்டு பித்தநாளத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். எம்.ஆர்.சி.பி. யாருக்கு அவசியம், அரசு மருத்துவமனையில் எடுக்க என்ன வழி, காப்பீட்டில் வருமா என்பதையும் அதில் சேர்த்துக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திருச்சி.