அது பெய்ஜிங் இல்லீங்க, ஃபோஷான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல உலக வினோதங்கள் பக்கத்துல ஒரு போட்டோ போட்டு "பெய்ஜிங்கில் புத்தாண்டன்று கீரையோடு பாலத்தில் ஓடும் சீனர்கள்"னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. ஒரே வரிதான், ஆனா அதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. அது பெய்ஜிங் இல்ல, குவாங்டாங் மாகாணத்துல இருக்கிற ஃபோஷான், அந்தப் பாலம் துங்ஜாய் பாலம். புத்தாண்டு அன்னைக்கும் இல்ல, சீனக் காலண்டர்ல முதல் மாசத்துப் பௌர்ணமி, விளக்குத் திருவிழா, அன்னைக்கு ராத்திரியும் மறுநாளும் நடக்கிறது. யாரும் ஓடவும் மாட்டாங்க, லட்சக்கணக்குல ஜனம் வர்ற இடத்துல எப்படிங்க ஓட முடியும், அடி அடியா நகர்ந்துதான் போகணும்.

டைல்ஸ் வாங்கி அனுப்புற வேலையா 2011ல இருந்து 2019 கடைசி வரைக்கும் நான் ஃபோஷான்லதான் குடியிருந்தேன், அதனால சொல்றேன். கையில காத்தாடி, மணி, ஒரு கட்டு லெட்டூஸ் கீரை. காத்தாடி சுத்துற மாதிரி காலமும் நல்லபடியா சுத்தணும். கீரை எதுக்குன்னா அவங்க பேசுற கான்டனீஸ் பாஷையில அதோட பேர் சாங் சோய், பணம் பெருகறதுக்கும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். பாலத்தோட வடக்குப் பக்கம் ஏறி தெற்குப் பக்கம் இறங்கணும், வந்த வழியில திரும்பக் கூடாது. "ஹாங் துங்ஜாய், மோ பாய்ஆய்"னு சொல்லுவாங்க, துங்ஜாயைக் கடந்தா மனக்கவலை இல்லைன்னு அர்த்தம். கவலை தீரணும்னு நடக்கிறவங்களைப் போய் வினோதம்னு எழுதலாமா?

முதல் வருஷம் என்னைக் கூட்டிட்டுப் போனது எங்க வீட்டு ஓனரோட அம்மா, போபோன்னு கூப்பிடுவேன். அந்த மாசம் ஒரு கன்டெய்னர் டைல்ஸ் உடைஞ்சு போய் சேர்ந்து பெரிய நஷ்டம், நான் யார்கிட்டயும் சொல்லல, முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டாங்க. நடுப்பாலத்துல பின்னாடி யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துதுன்னு திரும்பப் போனேன், கன்னத்துல கை வச்சு முன்னாடி திருப்பி விட்டாங்க. எண்பது வயசுக் கை சார் அது, எங்க அம்மா கை மாதிரியே சொரசொரன்னு இருந்துச்சு.

இது மட்டுமா, குங்ஃபூ மாஸ்டர் இப் மேன் பத்தி நீங்க எழுதினப்ப ஹாங்காங்காரர்னு மட்டும் போட்டீங்க, அவர் 1893ல பொறந்ததே இந்த ஃபோஷான்லதான், அப்பவே லெட்டர் போட்டேன், வரல. சீனாவுல எல்லாரும் ஒரே பாஷை பேசுறாங்கன்னு எழுதினப்பவும் போட்டேன், அதுவும் வரல. இருபது வருஷ வாசகன், மனசு கஷ்டமா இருக்கு. பாலம் கடக்கிறதுலயே எத்தனை விதம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. பெய்ஜிங்ல மிங் ராஜாங்க காலத்துல பொண்ணுங்க அதே முதல் மாசம் பதினாறாம் ராத்திரி வெள்ளை உடுத்தி நோய் நொடி போகணும்னு பாலம் கடந்து, கோட்டைக் கதவு ஆணியைத் தொட்டுட்டு வருவாங்க, அது வேற. சூஜோ பக்கம் தோங்லியில கல்யாணத்துக்கும் குழந்தைக்கு ஒரு மாசம் ஆனாலும் மூணு பாலம் கடப்பாங்க, அது வேற. மூணையும் ஒண்ணாக்கி ஒரு வரியில முடிச்சா எப்படி?

2020 பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் கொரோனாவுல இங்கயே மாட்டிக்கிட்டேன். அந்த வருஷம் பிப்ரவரி 8 விளக்குத் திருவிழா, பாலம் நடை கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி போபோ வீசாட்ல வீடியோ கால் போட்டாங்க, கையில ஒரு லெட்டூஸ், பால்கனிக் கம்பியில பழைய காத்தாடி. வீட்டுக்குள்ளயே வடக்கு ரூம்ல இருந்து தெற்கு ரூமுக்கு மெல்ல நடந்தாங்க, திரும்பியே பார்க்கல, மகன்தான் பின்னாடியே போன் புடிச்சுட்டுப் போனான். உனக்கும் சேர்த்து நடந்துட்டேன்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் பௌர்ணமிக்கு அவங்க இல்ல.

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த இதழ்ல அந்தப் போட்டோவுக்குத் திருத்தம் போட்டு ஊர் பேரை ஃபோஷான்னு, பாலத்தோட பேரை துங்ஜாய்னு சரியா போடுங்க. இனிமே அதை வினோதங்கள் பக்கத்துல போடாதீங்க.

இப்படிக்கு,
பல வருட வாசகன்