பிணையும் நம் பாதுகாப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு மூதாட்டியின் தாலிக்கொடியை வீடு புகுந்து அறுத்துச் சென்றவன் பிணையில் வெளிவந்தான் என்று கேள்விப்பட்ட அன்று மாலை, கோயில் வாசலில் நின்றவர்கள் ஒரே குரலில் சொன்னது, "இந்த நாட்டின் அரசியலமைப்பு திருடனுக்குத்தான், நமக்கில்லை" என்பதே. அவர்களுடைய வேதனை எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பேச்சோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

கைதானவரை 48 மணி நேரத்துக்குள், அந்த நேரம் விடுமுறையில் முடிந்தால் அடுத்த நீதிமன்ற நாளில், நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு. இது எவரோ கருணை கூர்ந்து எழுதியதல்ல. நிறவெறி ஆட்சியில் 1967இல் வந்த பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் ஒருவரைக் கால வரம்பின்றி அடைத்து வைக்க முடிந்தது. அது செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியவில்லை. 1971இல், காவலில் வைக்கப்பட்டிருந்த பள்ளி ஆசிரியர் அகமது திமோல் ஜொகானஸ்பர்க் காவல் தலைமையகத்தின் பத்தாம் மாடியிலிருந்து தாமே குதித்து இறந்தார் என்று பதிவு செய்தார்கள். அவர் தள்ளப்பட்டுக் கொல்லப்பட்டார் என்று நீதிமன்றம் சொல்ல 2017 வரை, 46 ஆண்டுகள், அவர் குடும்பம் காத்திருந்தது. நம் தலைமுறையினர் இதை மறக்கலாகாது.

பறிகொடுத்தவருக்கும் அதே அரசியலமைப்பின் உரிமைச் சாசனத்தில் இடமுண்டு. அரசிடமிருந்தாயினும் தனியாரிடமிருந்தாயினும் வன்முறைக்கு ஆளாகாதிருக்கும் உரிமையை 12ஆம் பிரிவு தருகிறது. பிணைகூட, நீதியின் நலன் இடம் கொடுத்தால் மட்டுமே. விசாரணைக்குக் காத்திருந்த ஒருவனை வெளியே விட்டதால் தாக்குண்ட ஒரு பெண், அவனுடைய முந்தைய குற்றத்தைக் காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கவில்லை என்று அரசின் மீதே வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றங்கள் தள்ளிய அந்த வழக்கை 2001இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மீட்டெடுத்து, விசாரணையைத் தொடருமாறு உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அவருக்குத் துணை நின்றது இதே உரிமைச் சாசனம்தான்.

சட்டத்தைக் கையில் எடுத்தால் என்ன நேரும் என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டாம். 2021 ஜூலைக் கலவரத்தின்போது காவலர்கள் வராத நிலையில், டர்பனை அடுத்து நம் இந்திய வம்சாவளியினர் பெரும்பாலும் வாழும் பீனிக்ஸ் பகுதி மக்கள் தெருக்களில் தடுப்பு அமைத்தார்கள். அந்த அச்சம் உண்மையானது. அந்நாட்களில் பீனிக்ஸ் பகுதியில் 36 பேர் உயிரிழந்தார்கள் என்பதும் உண்மை. இறந்தவர்களுள் வழியே போனவர் யார், கொள்ளையடிக்க வந்தவர் யார் என்பதை நீதிபதி ஆராய்ந்திருக்க வேண்டும். தடுப்பில் நின்றவர் தீர்மானிக்க எவரும் அதிகாரம் தரவில்லை. இதை நம்மவர்களிடையே சொல்லத் தயங்குகிறோம். நான் தயங்க விரும்பவில்லை.

ஆகவே, காவல்துறையும் பகுதி மக்களும் கூடிப் பேசும் சமூகக் காவல் மன்றத்தின் வரும் கூட்டத்தில் பிணை ஏன் கொடுத்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், பிணையை எதிர்க்கத் தேவையான விவரங்கள் நீதிபதிக்குக் கொடுக்கப்பட்டனவா, அந்த மூதாட்டியின் வாக்குமூலம் வழக்குக் கோப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தங்கள் பத்திரிகை 12, 35ஆம் பிரிவுகளை எளிய தமிழில் வெளியிட்டால், அந்தத் தாளை நானே எடுத்துச் சென்று கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர்,
டர்பன்