மெத்தைக்குள்ள என்ன இருக்குன்னு எழுதி ஒட்டச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி பொறந்தா போதும், நம்ம பேப்பர்ல மெத்தை விளம்பரம் பக்கத்துக்குப் பக்கம் வருது. ஒண்ணு வாங்கினா ரெண்டு தலகாணி ஃப்ரீ, பழசைக் குடுத்தா இவ்வளவு தள்ளுபடின்னு எல்லாம் போடுறாங்க, ஆனா உள்ள என்ன வெச்சு தைச்சிருக்கு, யாருக்கு எது ஒத்துக்கும்னு ஒரு வரி இருக்கிறதில்ல.

போன மாசம் பையன் ஹாஸ்டலுக்குன்னு ஆறுக்கு மூணு அடி சைஸ்ல நாலு இஞ்ச் ஃபோம் மெத்தை வாங்கினோம். கடைக்காரர் 40 டென்சிட்டின்னு அடிச்சு சொன்னார், பில்லுல வெறும் ‘ஃபோம் மெத்தை’ன்னு மட்டும் எழுதிக் குடுத்துட்டார். டென்சிட்டின்னா ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கிற கணக்குதான். அந்தக் கணக்குப்படி இந்த சைஸுக்கு 40ன்னா கிட்டத்தட்ட 6.8 கிலோ நிக்கணும், 32ன்னாகூட 5.4 கிலோ வரணும். எனக்கு தூக்கும்போதே சந்தேகம், தெருமுனை பழைய பேப்பர் கடை தராசுல சுருட்டி வெச்சுப் பாத்தா கவரோட சேத்தே நாலரை கிலோதாங்க இருந்துச்சு. இப்படி லேசான ஃபோம் சீக்கிரமே நடுவுல குழி விழுந்துடும், அப்புறம் புள்ள இடுப்பு அந்தக் குழியிலதான் கெடக்கணும். இன்னொண்ணு, டென்சிட்டி கூடுனா மெத்தை கட்டியா இருக்கும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, அது வேற இது வேற. டென்சிட்டி எத்தனை நாள் உழைக்கும்னு சொல்லும், கட்டியா மெத்துன்னு இருக்கான்னு படுத்துப் பாத்தாதான் தெரியும்.

முதுகுவலின்னா கட்டியா படு, முடிஞ்சா தரையில படுன்னு நம்ம வீடுகள்ல சொல்றதை நானும் நம்பினவதான். ஆர்த்தோன்னு, அதாவது எலும்புக்கும் முதுகுக்கும் நல்லதுங்கிற மாதிரி எழுதியிருந்த காயர் மெத்தை, தேங்கா நாருல ரப்பர் பால் தெளிச்சு அழுத்தினது, விற்பனைப் பையன் முட்டிய வெச்சு அழுத்திக் காட்டி அமுங்கவே இல்ல பாருங்கம்மான்னான், வாங்கிட்டு வந்துட்டோம். வீட்டுக்காரர் மல்லாந்து படுக்கிற ஆளு, நல்ல உடம்பு, அவருக்கு அது சொகமா இருந்துச்சு. நான் ஒருக்களிச்சுப் படுக்கிறவ, மூணு மாசம் காலையில எந்திரிக்கும்போது தோள்பட்டையும் இடுப்பெலும்பும் மரத்துப் போய் கைய தூக்கி தலை பின்ன முடியல. ஆர்த்தோங்கிற வார்த்தையப் போட எந்த டாக்டர் கையெழுத்தும் தேவையில்லைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். நாள்பட்ட இடுப்புவலி இருக்கிற 313 பேரை வெச்சு ஸ்பெயின்ல 90 நாள் பாத்த ஆராய்ச்சி 2003லயே லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்திருக்கு, ரொம்பக் கட்டி மெத்தையில படுத்தவங்களை விட நடுத்தரமான மெத்தையில படுத்தவங்களுக்குதான் வலி நல்லா கொறைஞ்சிருக்கு.

ஒருக்களிச்சுப் படுத்தா நம்ம எடை பெரும்பாலும் தோள்லயும் இடுப்புலயும்தான் இறங்குது, அந்த ரெண்டு எடமும் கொஞ்சம் உள்ள போனாதான் முதுகெலும்பு நேரா இருக்கும். குப்புறப் படுக்கிறவங்களுக்கு இதுக்கு நேர் எதிர், மெத்துன்னு இருந்தா வயிறு அமுங்கி இடுப்பு வளைஞ்சுடும், கொஞ்சம் கட்டியாதான் வேணும். கடையில ரெண்டு நிமிஷம் உக்காந்து பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க. செருப்பைக் கழட்டிட்டு, வீட்டுல எப்படிப் படுப்பீங்களோ அப்படியே ஒரு கால் மணி நேரம் படுங்க, கூட வந்தவங்களை பின்னாடி நின்னு கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒரே கோடா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. மல்லாந்து படுக்கிறவங்க இடுப்புக்குக் கீழ கைய விட்டுப் பாக்கணும், கை தாராளமா போய் வந்தா மெத்தை உங்களுக்கு ரொம்பக் கட்டி, நுழையவே இல்லைன்னா ரொம்ப அமுங்குதுன்னு அர்த்தம்.

மெமரி ஃபோம் 1966ல நாசா ஆராய்ச்சியில விமான சீட்டுக்காக வந்த பொருள், உடம்பு சூட்டுல இளகி நம்ம வடிவத்துக்கு வருது. தோள்வலிக்கு நல்லதுதான், ஆனா அதே சூட்டைப் பிடிச்சும் வெச்சுக்கும், சித்திரையில கரண்ட் போன ராத்திரி எங்க மதுரையில அதுல படுத்தா முதுகெல்லாம் நனைஞ்சுடுது. எங்க மாமியாருக்கு வேற பிரச்சனை, அதுல புதைஞ்சு திரும்ப முடியல, எட்டு இஞ்ச் உயரத்துனால கட்டில்ல உக்காந்தா காலு தரையில எட்டல, ராத்திரி பாத்ரூம் போக ஒவ்வொரு தடவையும் என்னை எழுப்பினாங்க. வயசானவங்களுக்கு வாங்கும்போது கட்டிலும் மெத்தையும் சேத்து தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னு டேப் வெச்சு அளந்துட்டு வாங்குங்க. ரெண்டு பேர் படுக்கிறதுன்னா சாதா ஸ்ப்ரிங்ல ஒருத்தர் பொரண்டா இன்னொருத்தருக்கு ஆடும், பாக்கெட் ஸ்ப்ரிங்ல ஒவ்வொரு சுருளும் தனித்தனிப் பையில இருக்கிறதால அவ்வளவா தெரியாது. லேடெக்ஸ் ரப்பர் பால்ல செய்யறது, நல்லா உழைக்கும், ஆனா விலையும் ஜாஸ்தி, கனமும் ஜாஸ்தி. கைக்குழந்தைக்கு மட்டும் மெத்து மெத்துன்னு வேணவே வேணாம், மூச்சு முட்டிடும்.

எங்கம்மாவோட போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு மெத்தையத்தான் எக்ஸ்சேஞ்ச்ல தூக்கிக் குடுத்துட்டேன், அதை நெனைச்சா இன்னும் மனசு ஆறல. அமுங்கிப் போனா பஞ்சை வெளிய எடுத்து வெயில்ல காயப்போட்டு, அடிச்சு, வேற துணியில தைச்சு வாங்கிக்கலாம், உடம்புக்கும் சூடு தெரியாது. தூசி ஒத்துக்காதவங்க, வீசிங் இருக்கிறவங்களுக்குதான் அது சரிப்படாது.

நான் கேக்கறது இவ்வளவுதான். ஒவ்வொரு மெத்தையிலயும் என்னென்ன லேயர், எத்தனை இஞ்ச், என்ன டென்சிட்டி, மொத்த எடை எவ்வளவுன்னு தமிழ்ல எழுதி தைக்கணும், அதையே பில்லுலயும் போடணும், கடையில ஒரு தராசு வைக்கணும். விளம்பரம் வாங்கும்போது நீங்களும் இதைக் கேளுங்க. பையன் மெத்தை இன்னும் ஹாஸ்டல் போகல, பில்லோட ரெண்டு தடவை கடைக்குப் போய் வந்துட்டேன், முதலாளி ஊர்ல இல்லைங்கிறாங்க, திங்கக்கிழமை திரும்பவும் போறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை