ஏசி பாயின்ட் கேட்டால் கோபம் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆணி அடிக்கக்கூட விடாத ஹவுஸ் ஓனர்களைப் பற்றி வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். நானும் தாம்பரத்தில் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவன்தான்.

ரிப்பேரையும் புது வசதியையும் இரண்டு தரப்புமே போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணையிலேயே, வேறு மாதிரி ஒப்பந்தம் போடாதவரை யார் எதைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் லைன், வயரிங் எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கிழிந்த கொசுவலை குடியிருப்பவர் பொறுப்பு. சுவரில் ஓதம் ஏறிப் பெயின்ட் உரிகிறது என்று ஒருவர் சொன்னால் அவர் சலுகை கேட்கவில்லை, அதற்குப் போய் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது.

ஏசி பாயின்ட், முட்டிவலிக்காரப் பெரியவருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இதெல்லாம் வேறு கணக்கு. எங்கள் மாடியில் ஏசி பாயின்ட் கேட்டார்கள். இருக்கிற பிளக்கிலேயே மாட்டிக்கொள்ளுங்கள் என்று பல பேர் சொல்லிவிடுகிறார்கள், அப்புறம் வயர் சூடாகிக் கருகினால் யார் பதில் சொல்வது? எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, ஒன்றரை டன்னுக்கு மெயின் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் (4 சதுர மி.மீ.) வயர் தனியாக இழுத்து, லோடு கூடினால் தானே கட் ஆகிற எம்சிபி சுவிட்ச் வைக்கணும் என்றார். வயரும் கூலியும் என் செலவு, ஏசி அவர்களுடையது, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு ஓட்டையை அடைத்துத் தர வேண்டும் என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதிக்கொண்டோம். வாடகையை ஏற்றவில்லை, அடுத்து வருபவருக்கும் அந்த லைன் உதவும். வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாதம் கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்று அவர்களே சொன்னார்கள், சரி என்றேன். ஆனால் அந்தத் தொகையை வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும், வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் ஏற்றலாம், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. மாடுலர் கிச்சனுக்கு முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்று தீபாவளிவரை இழுத்தடிப்பதற்கு அது மேல்.

குடியிருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். கேட்காமலே சுவரை உடைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துவிட்டு, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினால் எந்த ஓனருக்குத்தான் கோபம் வராது?

அந்த அட்டவணையை உங்கள் சொத்துப் பக்கத்தில் ஒரு வாரம் முழுசாக வெளியிடுங்கள். கத்தரித்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறோம், பாதிச் சண்டை மிச்சம்.

ஒரு வாசகர்,
மேற்கு தாம்பரம்