திட்டினால் அழாத பிள்ளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கணியம்பாடிப் பக்கம் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ரிசல்ட் நேரம் நெருங்கினாலே பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண் நினைவுக்கு வந்துவிடுகிறாள். எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினாலும் அவளுக்குக் கண் கலங்காது. 'கல்லு மாதிரி நிக்கிறா பாரு, எவ்வளவு நெஞ்சழுத்தம்' என்று ஸ்டாஃப் ரூமில் பேசியவர்களில் நானும் ஒருத்தி. அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம் அவள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். பிழைத்துவிட்டாள், இப்போது நன்றாக இருக்கிறாள்.

அப்புறம்தான், திட்டு வாங்கும் பிள்ளையின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பயமோ அவமானமோ வந்தால் மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்ப, அது சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ரத்தத்தில் ஏறும், ஆபத்து நீங்கினால் இறங்கும். வீட்டில் தினமும் குடி, சண்டை, அடி என்று வருடக்கணக்கில் போனால் இந்த ஏற்ற இறக்கமே கெட்டுப்போகிறது. சிலருக்குத் தேவைக்கு மேல் சுரக்கிறது, சிலருக்கு மந்தமாகிவிடுகிறது. முன்பின் தெரியாதவர்கள் முன் பேசவும் மனக்கணக்குப் போடவும் சொல்லி, உமிழ்நீரில் கார்டிசால் அளக்கும் சோதனை ஒன்று உண்டு. தற்கொலைக்கு முயன்றவர்களுக்கு அப்போது மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை, ரத்தப் பரிசோதனையில் யாருக்கு ஆபத்து என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் அசையாமல் நிற்கும் பிள்ளைக்கு வலிக்கவில்லை என்று இனி எந்த ஆசிரியரும் முடிவு கட்டக்கூடாது. உணர்ச்சியை அடக்கி யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர இருபது வயது தாண்டிப் பல வருடம் ஆகிறது, பதினைந்து வயதில் அதை எதிர்பார்த்தால் எப்படி?

எங்கேயோ நடப்பதில்லை இது. நம் கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை நடந்த மரணங்களை ஆராய்ந்து, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். 10 முதல் 19 வயதுக்குள், ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண் பிள்ளைகளில் 148 பேர், ஆண் பிள்ளைகளில் 58 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். பழைய கணக்குதான், ஆனாலும் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைத் திட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும்படியும், சாப்பிட்டாயா, ராத்திரி தூங்கினாயா என்று முதலில் கேட்கும்படியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். மனநல உதவிக்கான அரசின் இலவசத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணை, தோற்றாலும் துணைத்தேர்வு உண்டு என்ற ஒரு வரியோடு சேர்த்து, இனி ஹால் டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
வேலூர் மாவட்டம்