நத்தை வாத்தியாரின் சனிக்கிழமை வகுப்பு

குன்னூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

நீ பொங்கலுக்கு எழுதிய கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், தண்டனையை நேரில் வரும்போது வைத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். ஒரு வாரமாக விடாத சாரல், என் முழங்கால் இந்த ஊர் மேடுகளோடு மல்லுக்கு நிற்கிறது.

எழுத உட்கார்ந்தது நம் சட்டக் கல்லூரி நத்தை வாத்தியாரைப் பற்றி. திருச்சபையின் பொருளாளர் பொறுப்பைச் சென்ற மாதம் ஒப்படைத்தார். ஆராதனைப் பக்கமே எட்டிப் பார்க்காத என்னையும் சாட்சியாக உட்கார வைத்தார். கணக்கில் ஒரு ரூபாய் இடிக்கவில்லை. கடைசியாக ஒரு பழுப்பு உறையை நீட்டினார். உள்ளே 2016-இல் செல்லாமற்போன ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று, மேலே அவருடைய சாய்ந்த எழுத்தில், 'காணிக்கைப் பையில் கிடந்தது, செல்லாது, ஆயினும் சபையினுடையது.' புதிய பொருளாளர் சிரித்துவிட்டார். வாத்தியார் விடுவாரா? அத்தகைய தாள்களைப் பத்து வரை வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகாது என்று அங்கேயே வகுப்பெடுத்துவிட்டார்.

வகுப்பு என்றதும் நினைவு வருகிறது: எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கோவையில் சட்டம் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் சபை மண்டபத்தில் பாடம் நடத்துகிறார், கட்டணமின்றி. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமும் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் 2024 ஜூலை 1 அன்று விடைபெற்றபோது, நான் புதிய புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரி. கொலை என்றால் இன்றும் 302 என்றுதான் வாயில் வருகிறது, அது 103 ஆகிவிட்டது. அவரோ எண்பத்து நான்கு வயதில் புது நோட்டுப் போட்டு, மரண வாக்குமூலத்துக்கு 32 போய் 26 வந்தது என்று பிரிவு பிரிவாகக் கைப்பட எழுதி முடித்திருக்கிறார்.

நேற்று நானும் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அதே நத்தை வழக்கு! 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில், தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பானத்தைக் குடித்த பெண், உள்ளே தெரியாத கண்ணாடிப் புட்டி, மிச்சத்தை ஊற்றும்போது வெளிவந்த அழுகிய நத்தை. காசு கொடுத்தவள் அவளில்லை, எனவே ஒப்பந்தமில்லை. பிறகு யாரிடம் போய் நிற்பாள்? அந்த இடத்தில் நிறுத்தி, வழக்கம்போல் வேதாகமத்தைத் திறந்து லூக்கா பத்தாம் அதிகாரத்தை வாசித்தார். 'எனக்குப் பிறன் யார்?', அதாவது நான் அக்கறை காட்ட வேண்டிய அயலான் யார், என்று இயேசுவைக் கேட்டவன் ஒரு நியாயசாஸ்திரி, நம் தொழில்காரன் என்று அதே இடத்தில் அதே சிரிப்பு. அந்தக் கேள்வியைத்தான் 1932-இல் நீதிபதி அட்கின் பிரபு தம் தீர்ப்பில் எடுத்துக்கொண்டு, பானம் தயாரித்தவனுக்கு அதைக் குடிப்பவளும் பிறனே என்றார் என்றும், ஐவரில் மூவர் மட்டுமே அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார்கள் என்றும் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. விடுதியில் நாம் இதை நடித்துக் காட்டிச் சிரித்தது ஞாபகம் வந்து, தலை குனிந்துகொண்டேன்.

பிழைக்கத் தெரியாதவர் என்று நாம் அவரைச் சொல்லாத நாளில்லை. நீயும் நானும் பிழைத்தோம். நாற்பதாண்டுத் தொழிலில் எனக்குப் பிறன் யாரென்ற ஐயம் ஒருநாளும் வந்ததில்லை. வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவன்தான் பிறன்.

மண்டபத்தைப் பூட்டியதும் சாவியை என் கையில் வைத்து, 'கண் மங்குகிறது. ஒப்பந்தச் சட்டத்தை இனி நீ எடுத்துக்கொள்' என்றார். நான் முழங்காலைக் காரணம் காட்டினேன். அவர் என் காலைப் பார்த்துவிட்டு, பாடம் உட்கார்ந்தும் நடத்தலாம் என்று சொல்லி, குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சாவி மேசைமேல்தான் இருக்கிறது.

அவருடைய ஒப்பந்தச் சட்டக் குறிப்பேட்டைத் தேர்வுக்கு முந்திய இரவு என்னிடமிருந்து வாங்கிப் போனவன் நீ. வழக்குப் போடக் கெடு மூன்றாண்டு, அது எப்போதோ கடந்துவிட்டது என்று வாதாடாமல், வெள்ளிக்கிழமைக்குள் கைக்குக் கிடைக்குமாறு விரைவுத் தபாலில் அனுப்பு.

உன்,
மேட்டு வீட்டுக்காரன்