டிக்கித் தரையைப் பார்த்தாயா?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா அனுப்பிய படத்தில்தான் பார்த்தேன், நீ பிளைமவுத் டஸ்டர் என்கிற அந்தப் பழைய அமெரிக்கக் காரை வாங்கியிருக்கிறாய் என்று. என்னிடம் சொல்லவில்லை, பரவாயில்லை. 1970 மாடல், 340 கன அங்குல எஞ்சின் என்றாள் அக்கா. ஒஹாயோவில் குளிர்காலத்து உப்பு ரோட்டில் ஓடிய வண்டியா என்று விசாரித்தாயா? டிக்கி விரிப்பைத் தூக்கித் தரையைப் பார். பின்சக்கரத்துக்குப் பின்னால் தகட்டின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார். முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் முறுக்குக் கம்பி, அந்த டார்ஷன் பார் மாட்டும் குறுக்குச் சட்டம் துருப்பிடித்திருந்தால் செலவு இழுத்துக்கொண்டே போகும்.

ஆனால் நல்ல தேர்வு. அதே பிளைமவுத்தின் பெரிய எஞ்சின் வண்டியான ஹெமி குடா வாங்க வீட்டை விற்க வேண்டும். டஸ்டர் அப்படியில்லை. வேலியன்ட் என்கிற சாதாரணக் குடும்ப வண்டியின் சின்ன உடம்பில் 275 குதிரைத்திறன் எஞ்சினை வைத்து, புதிதிலேயே 3,000 டாலருக்குள் விற்றார்கள். எடை குறைவு, அதனால் பெரிய வண்டிகளோடு மல்லுக்கட்டும். அந்த ஒரு வருடத்தில் மட்டும் இந்த 340 டஸ்டரை 24,000-க்கு மேல் செய்தார்கள். இன்றும் சம்பளக்காரன் தேடிப் பிடிக்க முடிகிறது என்றால் அதனால்தான். இதன் உறவுக்கார வண்டியான டாட்ஜ் டார்ட்டின் பாகங்கள் பலவும் பொருந்தும். நீ யோசித்துத்தான் வாங்கியிருப்பாய். டெட்ராய்ட் உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் வரிசையாக ஓடும் விழாவில், ஆகஸ்ட் வெயிலில் நின்று, டஸ்டர் எது, அதே ஜாடையில் இருக்கும் டாட்ஜ் டெமன் எது என்று எனக்குப் பிரித்துக் காட்டியவனே நீதானே.

டிரைவர் பக்கம் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள வண்டியின் அடையாள எண்ணையும் படி. ஐந்தாவதாக ஹெச் இருந்தால் 340. சி இருந்தால் அது ஸ்லான்ட் சிக்ஸ் என்கிற சாதாரண ஆறு சிலிண்டர் எஞ்சினோடு பிறந்தது, பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஓட்ட அதுவும் நல்லதுதான், விலைதான் வேறு.

படத்தில் கராஜுக்குள் டஸ்டர் மட்டும் நிற்கிறது. மருமகள் வண்டி நிற்கும் இடம் அது. வெளியே பனியில் நிறுத்துகிறாளோ என்னவோ. அம்மா இரண்டு முறை போன் செய்தாள், அவள் எடுக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும். டிக்கித் தரையை மறக்காமல் பார்.

நான்கு மணி நேரத் தூரம்தான், நீ வந்து மூன்று வருடமாகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நீ பத்தாவது படிக்கும்போது எதிர்வீட்டுக் கராஜில் நின்ற பச்சை டஸ்டர். கணக்கில் ஏ வாங்கினால் கேட்டுத் தருகிறேன் என்றேன். வாங்கினாய். அவர் விற்றுவிட்டார் என்று சொன்னேன். நான் அவரிடம் கேட்கவே இல்லை. அந்த மாதம் என் வேலை போகும் நிலையில் இருந்தது, வீட்டில் ஒருவரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அந்த வண்டி இன்னும் இரண்டு வருடம் அங்கேயே நின்றது. நீயும் பார்த்திருப்பாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கிறது, தம்பி.

சனிக்கிழமை நான் வரட்டுமா? ஜாக்கும் டார்ச்சும் கொண்டுவருகிறேன், சேர்ந்தே அடியில் பார்க்கலாம். அம்மா குழம்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள். ஒருவருக்குக் கட்டவா, இரண்டு பேருக்கா என்று கேட்கிறாள். எதுவானாலும் சொல்.

அப்பா